கூண்டுக்கு இடம் பார்த்த நாட்கள்

ஜனவரி 28, புதன்

பனி. ஏழரை வரைக்கும் எதிர்வீட்டுத் தண்ணீர் டேங்க் கூடக் கண்ணில் படவில்லை. நேற்றுத் துவைத்த துணி இன்றும் ஈரம்.

ஆபீஸ். பத்து மணிக்கு சார் கூப்பிட்டார். புது ஃபைல். குறிஞ்சிப்பாடிக்குத் தெற்கே ஒரு ஏரி, பன்னிரண்டு மீனவக் குடும்பங்கள் சேர்ந்த ஒரு குழு, மிதவைக் கூண்டு ஆறு. கூண்டு என்றால் தண்ணீரில் மிதக்கும் சட்டம், அதிலிருந்து கீழே தொங்கும் வலைப் பெட்டி, அதற்குள் மீன் வளர்ப்பு. ஏரியில் எந்த இடத்தில் மிதக்க விடுவது என்று பார்த்து எழுத வேண்டியது என் வேலை. திங்கட்கிழமைக்குள் அறிக்கை.

“உங்களுக்குத் தோதுப்படலன்னா சொல்லுங்க ஸ்டெல்லா, வேற ஆளப் போடுறேன்” என்றார். ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

போன வருஷம் சிதம்பரம் பக்கத்து ஏரியில் இடம் பார்த்தது நான்தான். இரண்டாம் மாதம், இரண்டு நாள் மேகம் போட்டது. மூன்றாம் நாள் விடிந்தபோது கூண்டு முழுக்க மீன் மல்லாந்து கிடந்தது. “எதிர்பாராத மேகமூட்டம்” என்று ஃபைலில் எழுதிக் கொடுத்தேன். பொய் இல்லை. பாதி. மறுபாதியை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தண்ணீரில் ஆக்சிஜன் வெயிலில் ஏறும், இரவில் இறங்கும்; விடிவதற்குச் சற்று முன்புதான் மிகக் குறைவாக இருக்கும், மேகம் போட்டால் இன்னும் குறையும். அப்போது அளக்க வேண்டும். இதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் நான். ஆனால் அந்த ஊர் பஸ் பதினொரு மணிக்குத்தான் போய்ச் சேரும். எல்லா நாளும் பதினொன்றுக்கு மேல்தான் அளந்தேன். வெயிலில் எந்த ஏரியும் நல்ல ஏரிதான்.

“நானே பாக்குறேன் சார்” என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

எடுத்துக்கொண்டு போக:
– ஆக்சிஜன் மீட்டர் (பேட்டரி!)
– கயிறு, அடிக்கொரு முடிச்சு. நுனியில் கட்ட எடை. வீட்டுக்காரர் ராபர்ட் தன் ஆட்டோவின் பழைய பிரேக் டிரம் தருகிறேன் என்றார்
– தொப்பி, பிஸ்கட்
– லைஃப் ஜாக்கெட். கடலூரில் மீனவர் வீட்டில் பிறந்து, மீன் வேலையே பார்த்துக்கொண்டு, நீச்சல் தெரியாதவள் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்

தினம் மூன்று நன்றி எழுதுங்கள் என்று தியானத்துக்கு வந்த ஃபாதர் சொல்லி ஒரு மாதம் ஆகிறது. சில நாள் மூன்று தேறுவதே பெரும்பாடு. இன்று: 1. அந்தப் பனியிலும் பால் வந்தது. 2. ராபர்ட் ‘மறுபடியுமா’ என்று கேட்கவில்லை. 3. யோசித்து எழுதுகிறேன்.

ஜனவரி 30, வெள்ளி

விடிகாலை நாலுக்கே ராபர்ட்டின் பைக்கில் கிளம்பினோம். பஸ்ஸை நம்பப் போவதில்லை. குளிர். அவருடைய ஸ்வெட்டரும் என் மேலேயே. வடலூர் தைப்பூசத்துக்கு நடந்து போகிறவர்கள் வழியெல்லாம், வெள்ளை வேட்டி, வெள்ளைப் புடவை. யாரோ ஹெட்லைட்டைப் பார்த்துக் கை காட்டி, ஓரமாகப் போங்கள் என்றார்கள்.

ஐந்தே காலுக்கு ஏரிக்கரை. குழுத் தலைவர் கலியமூர்த்தி டார்ச் அடித்துக்கொண்டு நின்றார். ஒல்லி, நல்ல உயரம், பேச்சு கம்மி. அவர் மனைவி அஞ்சலை அதற்கு நேர்மாறு. என் தோளுக்கு வருவாள், வாய் ஓயாது. படகு தள்ளுவது அவள்தான். குழுவுக்கு இருப்பது ஒரே ஒரு ஃபைபர் படகு. மற்றவர்கள் தெர்மாகோலை உரச் சாக்கில் போட்டுத் தைத்து அதன் மேல் உட்கார்ந்தே வலை போடுகிறார்கள்.

லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டேன். “அக்கா, மாட்டுப் பொங்கலுக்கு ஜோடிச்ச மாடு மாதிரியே கீறீங்க” என்றாள் அஞ்சலை. ராபர்ட் கரையில் நின்று சிரித்த சிரிப்புக்கு வீட்டில் கணக்கு வைத்திருக்கிறேன்.

ஃபைலில் இருப்பது இரண்டு இடம்.

இடம் 1: மேற்குக் கரை, பனைமரத்துக்கு நேரே. ஆழம் 15 அடி. விடியும் முன் ஆக்சி. 3.4. ஐந்துக்குக் குறையக் கூடாது. அடி மண் கறுப்பு, அழுகின முட்டை வாடை. பாசி. வேண்டாம்.

இடம் 2: நடு ஏரி. பாதி தூரம் போகும்போதே காற்று எழுந்துவிட்டது. படகு ஆட ஆட நான் இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு, திரும்பிவிடலாம் என்றேன். திருப்பிவிட்டார்கள். நாளைக்கு அதே நேரம் வருவதாகச் சொல்லி நான் அளந்ததைப் பார்த்திருந்த கலியமூர்த்தியிடமே மீட்டரைக் கொடுத்துவிட்டு வந்தேன். கயிறும் டிரம்மும் மறதியில் பைக்கோடு வீட்டுக்கு வந்துவிட்டன.

கணக்கு இதுதான், எழுதி வைக்கிறேன். கோடையில் இந்த ஏரி ஆறடி இறங்கும் என்கிறார்கள். இறங்கிய பிறகும் பன்னிரண்டு அடி நின்றால்தான் வலைப் பெட்டிக்கும் சேற்றுக்கும் நடுவே தண்ணீர் ஓடும். ஆகவே இப்போது 18 அடி வேண்டும். குறைந்தால் மே மாதம் மீன் தன் கழிவிலேயே நிற்கும்.

நன்றி: 1. ராபர்ட், ஸ்வெட்டர் இல்லாமல் முப்பது கிலோமீட்டர். 2. அஞ்சலை கொடுத்த சுக்குக் காப்பி. 3. படகு கவிழவில்லை.

ஜனவரி 31, சனி

போக முடியவில்லை. நாளைக்குப் பூசம். குறிஞ்சிப்பாடிக்கு முன்னாடியே வண்டிகளைத் திருப்பி விட்டுவிட்டார்கள். ரோடு தெரியாத அளவுக்குத் தலைகள். அன்னதானக்காரர்கள் ரோட்டிலேயே கூப்பிட்டு உட்கார வைத்துப் பொங்கல் கொடுத்தார்கள். நெய் மணத்தது. சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம்.

காலை ஆறு மணிக்கு கலியமூர்த்தி போன். நீங்க அலைய வேணாம் மேடம், நாங்களே போயி அளந்துட்டோம் என்றார். ஆக்சி. 5.0. நல்ல செய்தி. ஆழம் எவ்வளவு என்றேன். கயிறு நம்மிடம் இருக்கிறதே என்று அப்போதுதான் நினைவு வந்தது. வலைக் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, ஏற்றி அளந்தார்களாம். மூன்று பாகம்.

பாகம் எனக்குத் தெரியாதா. இரண்டு கையையும் விரித்தால் விரல் நுனிக்கு விரல் நுனி ஒரு பாகம், ஆறடி. அப்பா கடலில் ஆழம் சொல்வதும் வீட்டில் புடவை அளப்பதும் அதில்தான். மூவாறு பதினெட்டு. சரியாக வேண்டிய அளவு. சந்தோஷத்தில் ராபர்ட்டின் முதுகில் ஒரு போடு போட்டேன்.

நன்றி: 1. பதினெட்டு. 2. பதினெட்டு. 3. நெய்ப் பொங்கல்.

பிப்ரவரி 1, ஞாயிறு

பூசை முடிந்து வந்து அறிக்கை எழுதினேன். மதியச் சமையல் ராபர்ட். சுறாப்புட்டு. உப்பு ஒரு கை தூக்கல், சொல்லவில்லை.

படிவத்தில் ‘அளவெடுத்தவர்’ என்று ஒரு கட்டம். என் பெயரை எழுதினேன். பேனா கொஞ்சம் நின்றது, பிறகு எழுதியது.

பிப்ரவரி 2, திங்கள்

வெயில் நன்றாக இருந்தது. துணி காய்ந்தது.

சார் ஒவ்வொரு வரியாகப் படித்தார். இடம் 2-ஐ நீங்களே அளந்தீர்களா என்று கேட்டார். குழுவோடு சேர்ந்து அளந்தோம் சார் என்றேன். சேர்ந்து! நான் அப்போது ரோட்டில் உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர் கையெழுத்துப் போடுமுன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “இந்தத் தடவ சாவாதுல்லம்மா?” என்றார். திட்டவில்லை, கேட்டார். அதற்குப் பதில் திட்டியே இருக்கலாம்.

சாயங்காலம் மாதா கோயிலில், ஃபாதர் மெழுகுவர்த்தி மந்திரிக்கும் பூசை. எல்லாரும் ஏற்றியது நின்று எரிந்தது. என்னுடையது இரண்டு தடவை அணைந்தது. ஃபேனுக்கு நேரே நின்றால் அணையாமல் என்ன செய்யும்.

நன்றி: எழுதத் தோன்றவில்லை.

பிப்ரவரி 4, புதன்

அன்று ஏரியில் பிடித்து வந்த தண்ணீர் பாட்டிலைச் சோதனைக்குக் கொடுக்க சிதம்பரம் போனேன். கொடுத்தாயிற்று. ரிசல்ட் வெள்ளிக்கிழமை.

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் பரிதா.

போன வருஷம் மீன் செத்த குழுவின் தலைவி. கறுப்பு பர்தா, கையில் பை, என்னை முதலில் பார்த்தது அவள்தான். நான் கடலூர் பஸ்ஸின் பின்பக்கமாக நழுவப் பார்த்தேன். நாற்பத்து நாலு வயசில், நாற்பது பேருக்கு நடுவில், பஸ்ஸுக்குப் பின்னால் ஒளிந்தேன். அவள் சுற்றிக்கொண்டு வந்து கையைப் பிடித்து டீக்கடைக்கு இழுத்துப் போனாள்.

டீ வந்தது. ஒரு வருஷமாக வாயில் வைத்திருந்ததைக் கொட்டிவிட்டேன். “பரிதா, நான் விடியக்காலத்துல அளக்கவே இல்ல. பதினோரு மணிக்குத்தான் அளந்தேன்.”

“தெரியுமே. பதினோரு மணி பஸ்லதான எறங்குவீங்க.”

டீயை ஊதிக் குடித்தாள். அதற்குப் பிறகு சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன். “விடியக்காலம் அளக்கணும்னு எங்களுக்கும்தான் அப்ப தெரியல. மீனு செத்துது, போச்சு. அழுதோம். ஆனா நீங்க அதுக்கப்புறம் ஒரு தடவகூட வரலியே, அது ஏன்? அதுதான் எங்களுக்கு ஜாஸ்தி கஷ்டம்.”

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். டீக்கடைக்காரர் வேறு பக்கம் பார்த்தார்.

இப்போது பதினாலு பெண்கள் சேர்ந்து ஊர்க் குளத்தில் கெண்டைக் குஞ்சு விட்டிருக்கிறார்களாம். தினம் விடிகாலையில் முறை வைத்து இரண்டு பேர் போய்த் தண்ணீரைப் பார்க்கிறார்கள். மீன் மேலே வந்து வாயைப் பிளந்தால் மோட்டார் போட்டுத் தண்ணீரைக் கலக்கி விடுகிறார்கள். “நல்லா வருது, அல்ஹம்துலில்லா. ஒரு நாளு வந்து பாருங்க” என்றாள். டீக்குக் காசு கொடுக்க விடவில்லை.

பஸ்ஸில் எழுதுகிறேன், எழுத்து ஆடுகிறது. நன்றி: 1. பரிதா. 2. பரிதா. 3. அந்த பஸ் பெரிய பஸ் இல்லை, ஒளிய முடியவில்லை.

பிப்ரவரி 5, வியாழன்

நங்கூரக் கல் இறக்கப் போகும் இடத்தில் அடையாள மிதவை கட்ட ஏரிக்குப் போனேன். கரையில் அஞ்சலை புது வலைக்குக் கயிறு அளந்துகொண்டிருந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று கையை விரித்து விரித்து. நான் சும்மா பார்த்துக்கொண்டு நின்றேன். நாலாவது விரிப்பில் எனக்குத் திக்கென்றது.

அவள் கை எவ்வளவு நீளம்? என் தோளுயரம் அவள்.

சனிக்கிழமை நடு ஏரியில் யார் அளந்தது என்று கேட்டேன். நான்தான்க்கா, அவுரு படகப் புடிச்சிக்கினு இருந்தாரு என்றாள். கயிற்றை வாங்கி அவள் ஒரு பாகத்தை டேப் வைத்துப் பார்த்தேன். ஐந்தடி. முழுசாக ஐந்து கூட இல்லை, ஒரு விரல் குறைவு.

மூவைந்து பதினைந்து.

என் அப்பா ஆறடி உயரம். அவர் பாகம் ஆறடி. அவர் செத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது, இந்த ஏரியைக் கண்ணால் பார்த்ததில்லை. அவர் கையை வைத்து இந்த ஏரியை அளந்து சர்க்கார் காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். ஒரு வார்த்தை, யார் கை என்று கேட்டிருந்தால் போதும்.

பதினைந்து என்றால் மே மாதம் ஒன்பதடி. கூண்டு வைக்கக் கூடாது. இந்த ஏரியில் இடமே இல்லை என்று எழுத வேண்டியதுதான், பன்னிரண்டு குடும்பத்துக்கும் கூண்டு இல்லை.

அங்கேயே கரையில் உட்கார்ந்து இரண்டு பேரிடமும் சொன்னேன். பதினெட்டு எழுதிவிட்டதை. பிறகு, கேட்காமலேயே, போன வருஷக் கதையையும். செத்த மீனைக் கூடையில் அள்ளி அள்ளிக் குழி தோண்டிப் புதைத்ததை, பதினொரு மணி பஸ்ஸை, பரிதாவை. கலியமூர்த்தி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சரி மேடம், நமக்கு அமையல போல, என்றார். அஞ்சலை வாயைத் திறக்கவில்லை. படகைக் கட்டும்போதும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. என் மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். நியாயமான கோபம்தானே.

மிதவை கட்டவில்லை.

பிப்ரவரி 6, வெள்ளி

காலை ஏழு. பால் வாங்கக் கதவைத் திறந்தால் வாசலில் அஞ்சலை. முதல் பஸ் பிடித்து வந்திருக்கிறாள். வீட்டுக்காரருக்குச் சொல்லவில்லையாம். ராபர்ட் நாற்காலி போட்டார், உட்காரவில்லை.

அவள் சொன்னது, என் வார்த்தையில்:

ஏரி கட்டுவதற்கு முன்னால் அந்த வழியாக ஓர் ஓடை ஓடியிருக்கிறது. தண்ணீருக்கு அடியில் அதன் தடம் இன்னும் இருக்கிறது, வடகிழக்கில், மேலே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. கோடையிலும் வற்றாது, தண்ணீர் மெல்ல இழுத்துக்கொண்டே இருக்கும். குழுவில் எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

ஏனென்றால் சீட்டு. பொங்கல் கழிந்த முதல் ஞாயிறு பன்னிரண்டு குடும்பமும் கூடி, வலை போடும் பன்னிரண்டு இடத்தையும் சீட்டில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்குவார்கள். எந்த இடம் வந்ததோ அதுதான் அந்த வருஷம் முழுக்க. ஓடைத் தடம் ஏரியிலேயே நல்ல இடம். பதினோரு வருஷமாக அஞ்சலைக்குக் கிடைக்காதது இந்தப் பொங்கலுக்குக் கிடைத்திருக்கிறது. அங்கே கூண்டு வந்தால் நங்கூரக் கயிறு வலையைக் கிழிக்கும், வலை போட முடியாது. அவள் சீட்டு என்பதால் மற்றவர்களும் வாயைத் திறக்கவில்லை. அவள் சொன்னால்தான் உண்டு.

“சொன்னா எடுத்துக்குவீங்கன்னு சொல்லலக்கா. நேத்து நீங்க மீனப் பொதச்ச கதையச் சொன்னீங்க. ராத்திரி சோறு எறங்கல.”

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேறு என்ன செய்ய. ராபர்ட் உள்ளே போய் தோசைக்கல்லைப் போட்டார்.

பத்து மணிக்கு இரண்டு பேருமாக ஆபீஸ். அஞ்சலையை வெளி பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன். நின்றுகொண்டே சொன்னேன். பாகக் கணக்கு. நான் அன்று அங்கே இல்லாதது. சேர்ந்து அளந்தோம் என்றது பொய். பிறகு போன வருஷத்துப் பதினொரு மணி.

அறிக்கை சென்னைக்குப் போய்விட்டது. சார் என் எதிரிலேயே அங்கே போன் போட்டு, இடம் திருத்தி வரும், நிறுத்தி வையுங்கள் என்றார். “போன வருஷத்துக்கும் ஒரு பக்கம் எழுதிக் குடுங்கம்மா. உள்ளது உள்ளபடி” என்றார். மார்ச்சில் என் கான்ட்ராக்ட் முடிகிறது. அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டுப் புதுப்பிப்பார்களா, தெரியாது. எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரு பக்கம் போதவில்லை, ஒன்றரை.

வெளியே வந்தால் அஞ்சலை பெஞ்சில் பியூனோடு நெத்திலிக் கருவாடு விலை பேசிக்கொண்டிருந்தாள். வாய் திரும்பி வந்துவிட்டது.

நன்றி: மூன்று போதாது இன்றைக்கு.

பிப்ரவரி 7, சனி

நேற்றுச் சாயங்காலம் சிதம்பரத்திலிருந்து ரிசல்ட் வந்தது. தண்ணீரில் குறை இல்லை.

விடியும் முன் ஓடைத் தடம். காற்று இல்லை. முடிச்சுக் கயிறு, பிரேக் டிரம், என் கையாலேயே இறக்கினேன். 20 அடி. மூன்று தடவை, மூன்று மூலையில். 20, 20, 21. கோடையில் 14 நிற்கும். ஆக்சி. 5.3. கயிறு நேராக நிற்காமல் லேசாகச் சாய்ந்தே இருந்தது. தண்ணீர் இழுக்கிறது, மெதுவாக, கண்ணுக்குத் தெரியாமல்.

அடி மண் செம்மண் கலந்த மணல். வாடை இல்லை. முகர்ந்து பார்த்துவிட்டு வாய்விட்டுச் சொன்னேன், ஏசுவே உமக்கு நன்றி என்று. அஞ்சலையும் கையைக் குவித்தாள், அவள் சாமிக்கு.

அங்கே அவள் வலை இருந்தது. மிதவையைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் படகில் மடித்துப் போட்டாள். விரால் நாலு, கெளுத்தி, நிறையக் கெண்டை. கடைசி முழம் வந்ததும் கையைத் தண்ணீரில் அலம்பினாள். “நல்ல எடம்க்கா” என்றாள். நான் தலையாட்டினேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

காலைப் பூசை, பிறகு நேரே ஏரிக்கரை. குழுக் கூட்டம். பன்னிரண்டு குடும்பமும் வேப்பமரத்தடியில். நான் ஓரமாக உட்கார்ந்தேன்.

கூண்டில் வளர்கிற மீன் பன்னிரண்டு பேருக்கும் பொது. ஆனால் எட்டு மாதம் கழித்துத்தான் கையில் வரும். அதுவரைக்கும் வீட்டுக் குழம்பும் தினச் சந்தையும் வலை போட்டால்தான். ஓடைத் தடம் போனால் அஞ்சலைக்கு வலை போட இடமில்லை. இதை யார் எடுத்துச் சொல்வது என்று ஆளாளுக்குத் தரையைப் பார்த்தார்கள். எப்போதும் சண்டைக்கு நிற்கிற, அஞ்சலைக்குக் கொழுந்தன் முறை ஆள் ஒருவர், பெயர் மறந்துவிட்டது, எழுந்தார். எல்லாச் சீட்டையும் திரும்பக் குடத்தில் போடுவோம், மறுபடி குலுக்குவோம் என்றார். அவருக்கு இந்த வருஷம் இரண்டாவது நல்ல இடம் கிடைத்திருக்கிறதாம். அதைத்தான் முதலில் மடித்துக் குடத்தில் போட்டார். ஒவ்வொருவராக எழுந்து போட்டார்கள். ஒரு வருஷச் சோறு அந்தத் துண்டுச் சீட்டுகள். யாரும் முகம் சுளிக்கவில்லை. பதினோரு இடம், பன்னிரண்டு குடும்பம். பெரிய இடம் ஒன்றை இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள்.

அஞ்சலைக்கு வந்தது தென்கோடி. ஆகாயத்தாமரை மண்டின இடம், இருப்பதிலேயே சுமார்.

இரண்டு பேர் மாற்றிக்கொள்கிறோம் என்றார்கள். அவள் மாட்டேன் என்றுவிட்டாள். குலுக்கினால் குலுக்கினதுதானாம். தாமரையை வெட்டி எடுக்க நாளைக்கு எல்லாரும் ஆளுக்கொரு அரிவாளோடு வரணும் என்று அங்கேயே ஆர்டர் போட்டாள். பன்னிரண்டு குடும்பமும் வருகிறோம் என்றது. கலியமூர்த்தி சிரித்து இன்றுதான் பார்த்தேன். முன்பல் ஒன்று இல்லை.

நன்றி எழுத உட்கார்ந்தேன். எழுதாமல் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

திருத்திய அறிக்கை கொடுத்தாயிற்று. ‘அளவெடுத்தவர்’ கட்டத்தில் என் பெயர், இந்தத் தடவை உண்மையாகவே. ‘இடம் காட்டியவர்’ என்று படிவத்தில் கட்டமே கிடையாது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு ஒரு கட்டம் வரைந்து அஞ்சலை பெயரை எழுதினேன். சார் பார்த்தார். அடிக்கவில்லை, கையெழுத்துப் போட்டார்.

பரிதாவுக்கு போன். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன். காலையிலயே வாங்க என்றாள். ராபர்ட்டிடம் மறுபடி பைக் கேட்க வேண்டும்.

கூண்டு இறக்குமுன் ஏரியில் தொடர்ந்து பத்து நாள் விடிகாலை அளவு வேண்டும் என்கிறது விதி. சாயங்காலம் போய் மீட்டரை அஞ்சலையிடம் கொடுத்து எப்படி அளப்பது என்று காட்டினேன். கம்பியை மூன்றடிக்கு இறக்கு, ஆட்டாதே, எண் நிற்கும் வரைக்கும் பொறு. இரண்டே தடவையில் பிடித்துக்கொண்டாள். என்னிடம் கேட்டாள், இங்க மீனு சாவாதுல்லக்கா என்று. சாகாது என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. தெரியாது அஞ்சலை, தினம் அளந்தால் முன்கூட்டியே தெரியும், அவ்வளவுதான் என்றேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, அது போதும்க்கா என்றாள்.

தலைவலி. மாத்திரை தீர்ந்துவிட்டது, வாங்கணும். கேஸ் புக் பண்ணணும்.

பிப்ரவரி 11, புதன்

மேகம். காலையிலிருந்தே மூடிக்கொண்டு, வெயில் முகமே இல்லை. வானிலையில் நாளைக்கும் இப்படித்தானாம்.

ஆபீஸில் உட்கார முடியவில்லை. நாலு தடவை ஜன்னலுக்குப் போனேன். கூண்டே இன்னும் இறங்கவில்லை, ஒரு மீன் கூட இல்லை, எதற்கு இந்தப் பயம் என்று எனக்கே தெரியவில்லை. போன வருஷமும் வானம் இதே நிறம்.

ராபர்ட்டிடம், நாளைக்கு நாலு மணிக்குக் கிளம்பணும் என்று சொல்லி வைத்தேன். சரி என்றார். ஸ்வெட்டர் இரண்டாக வாங்கி வந்திருக்கிறார்.

பிப்ரவரி 12, வியாழன்

ஐந்தே முக்கால்.

மூன்றரைக்கு எழுந்து, புடவை கட்டி, தலை சீவி, ராபர்ட்டை எழுப்பப் போகும்போது போன். இவ்வளவு சீக்கிரம் போனா என்று ஓடிப் போய் எடுத்தேன். அஞ்சலை. இப்போதே படகில் இருக்கிறாள், துடுப்புச் சத்தம் கேட்டது. விடிவதற்குள் இரண்டு தடவை அளக்கப் போகிறேன், பொறுங்க என்று வைத்துவிட்டாள். நான் அடுப்படியில் நின்றுகொண்டே இருந்தேன். இப்போதுதான் திரும்பக் கூப்பிட்டாள்.

“அஞ்சு புள்ளி ஒண்ணுக்கா. ரெண்டாந் தடவையும் அதேதான். மேகம் போட்டும் கொறயல.”

இதோ கிளம்புறோம், வந்துடுறோம் என்றேன்.

“எதுக்கு வரீங்க? நான்தான் இங்க இருக்கேன்ல. படுங்கக்கா.”

புடவையோடு அப்படியே படுத்தேன்.